சொந்தத் தோப்புக்குப் பழைய மினி ஹிட்டாச்சி வாங்கலாமா? 3 டன், கேட்கிற விலை 13.5 லட்சம்

தோப்புக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம்ங்க. ஆனைமலைப் பக்கம் ஏழு ஏக்கர் தென்னந்தோப்பு. 25 அடிக்கு 25 அடி நட்டது, ஏக்கருக்கு 70 மரம்னா மொத்தம் 490. கேரள வாடல் நோய் உள்ள வந்து மூணு வருசம் ஆச்சு. பார்த்துப் பார்த்து வெச்சிருந்தும் 160 மரத்தை எடுத்தே ஆகணும்னு ஆயிருச்சு. மரம் அறுக்க வந்தவங்க முழங்கால் உயரத்துல அறுத்துட்டுப் போயிட்டாங்க. கட்டை தரையிலயே நிக்குது.

முதல்ல ஜேசிபி கூப்பிட்டேன். ஒரே நாள்ல 34 கட்டை எடுத்துக் குடுத்தாங்க, வேலையில குறை சொல்ல முடியாது. ஆனா வண்டி போனதுக்கப்புறம் பார்த்தா சொட்டுநீர் மெயின் பைப் ஆறு இடத்துல நசுங்கிக் கெடக்குது. நல்லா காய்ச்சிட்டிருந்த ரெண்டு மரத்துல பின்பக்கெட் உரசி அடித்தோல் போயிருச்சு. எட்டு டன் வண்டி டயர் தடத்துல மழைத்தண்ணி நாலு நாள் வடியாம நின்னுச்சு. அந்தத் தடத்துல மம்பட்டி போட்டா டங்குன்னு எதிரொலிக்குது.

அதனால மண் தோண்டற சின்ன செயின் வண்டி, அதான் மினி ஹிட்டாச்சி, ஒண்ணு சொந்தமா வாங்கிடலாம்னு யோசனை. நாமக்கல் பக்கம் ஒரு வியாபாரிகிட்ட 3 டன் வண்டி இருக்கு. ரப்பர் ட்ராக், 2017 மாடல், மீட்டர்ல 3,180 மணி. 13.5 லட்சம் சொல்றார். போட்டோவுல புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. பிராண்ட் பேரு வேண்டாம், அப்புறம் பேச்சு அந்தப் பக்கம் போயிரும்.

டிராக்டர் நல்லா ஓட்டுவேன், செயின் வண்டி தொட்டதில்லை. போய்ப் பார்க்கும்போது எதை எதைப் பார்க்கணும்னு சொல்லுங்க. வாங்கறதே தப்புன்னாலும் சொல்லுங்க.

லீவர்மணி

அண்ணா, பதினோரு வருசமா ஆப்பரேட்டரா இருக்கேன். வண்டியை விடுங்க, யாரு ஓட்டப் போறீங்க? ஆள் வெச்சா சம்பளம், பேட்டா ரெண்டும் வேணும், வேலை இல்லாத நாள்லயும் அவன் வேற எடத்துக்குப் போகாமப் பிடிச்சு வெச்சுக்கணும். நீங்களே ஓட்டறதா இருந்தா முதல் ஐம்பது மணி நேரம் மரத்துக்கு நடுவுல போகாதீங்க. வெறும் காட்டுல குழி எடுத்து மூடிப் பழகுங்க. டிராக்டர்ல பின்னாடி பார்க்கறது ஒரு கண்ணுதான். இதுல மேல்பாகம் சுத்தும்போது உங்க முதுகுக்குப் பின்னாடி எதிர்வெயிட் எங்க போகுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கணும். புதுசா ஓட்டறவன் பக்கெட்டைத்தான் பார்ப்பான், மரத்துல இடிக்கறது பின்பக்கம்.

முடிஞ்சா வால் வெளிய நீட்டாத மாடலாப் பாருங்க. சுத்தும்போது பின்பக்கம் ட்ராக் அகலத்துக்குள்ளயே நிக்கும். தோப்புக்கு அதுதான் லாயக்கு.

கணக்குப்பிள்ளை

வாங்குவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

ஜேசிபி எடுத்த 34 போக உங்களிடம் இருப்பது 126 கட்டை. 3 டன் வண்டிக்குக் கட்டை ஒன்றுக்கு 25 நிமிடம் வைத்தால் 53 மணி நேரம். மறுநடவுக்கு மூன்றடிக் குழி 160; மணிக்குப் பன்னிரண்டு என்றால் 13 மணி. சொட்டுநீர்க் குழாய்க்கு வாய்க்கால், மட்டை புதைக்கும் குழி எல்லாவற்றுக்கும் தாராளமாக 40 மணி. மொத்தம் 106. அதற்குப் பிறகு வருடத்துக்கு முப்பது, நாற்பது மணி நேர வேலை இருந்தாலே அதிகம்.

மினி வாடகை உங்கள் பக்கம் மணிக்கு 1,000 ரூபாய் என்று கேள்விப்பட்டேன். ஆக 1,06,000. சொந்த வண்டி என்றாலும் டீசல் உண்டு. மணிக்கு 3 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் சொச்சம், கிரீஸ் சேர்த்து 300 ரூபாய். எனவே சொந்த வண்டியால் உங்களுக்கு மிஞ்சுவது மணிக்கு 700, 106 மணிக்கு 74,200. பதின்மூன்றரை லட்சத்தை வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டால் வருட வட்டியே 94,500. வேலை அதிகமாக இருக்கும் முதல் வருடத்திலேயே வட்டி ஜெயித்துவிட்டது. இதில் ரிப்பேர் செலவை நான் தொடவே இல்லை.

வாடகைக்கு எடுங்கள், நிம்மதியாக இருங்கள்.

தோப்புக்காரன்

கணக்குப்பிள்ளை சார், உங்க கணக்குல தப்பில்லைங்க. ரெண்டு விசயம் நான் சொல்லாம விட்டுட்டேன்.

ஒண்ணு, இங்க சுத்துவட்டாரத்துல வாடகை மினி ரெண்டே வண்டி. எல்லார் தோப்புலயும் இதே வாடல்தான், எல்லாருக்கும் ஒரே நேரத்துல வேணும். போன மாசம் சொல்லி வெச்சு 23 நாள் ஆச்சு, இன்னும் வரல. வந்தாலும் ஏத்தி இறக்கத் தனியா 4,000. கட்டை மக்க மக்கக் காண்டாமிருக வண்டு முட்டை வெக்குது. நோயில தப்பிச்ச மரத்தோட குருத்தை அது தின்னுருச்சுன்னா அப்புறம் என்ன கணக்குப் போட்டு என்ன?

ரெண்டு, பெரியப்பா பையன் 11 ஏக்கர், மச்சான் 9 ஏக்கர். ரெண்டு பேரும் பங்குக்கு வர்றேங்கறாங்க. மூணு தோப்பும் சேர்த்து 27 ஏக்கர். ரெண்டு வருசத்துல 350 மணி வேலை இருக்கும்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் கதை வேறு. 350 மணிக்கு 700 வீதம் 2,45,000. ரெண்டு வருட வட்டி 1,89,000. ரெண்டு வருடம் ஓட்டிவிட்டு வண்டியை எவ்வளவுக்கு விற்பீர்கள் என்பதுதான் இனிக் கேள்வி. வாங்கிய விலையில் 56,000-க்கு மேல் குறைந்தாலே கை கடிக்கும். ஆனால் 23 நாள் காத்திருப்பதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதை நீங்கள்தான் போட வேண்டும். பங்காளிகள் மூவரும் யார் எப்போது எடுப்பது, உடைந்தால் யார் செலவு என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சொந்தம் கெடுவதற்கு ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் போதும்.

கிரீஸ்கை

இருபத்தி ரெண்டு வருசமா இந்த வண்டிங்களை ரிப்பேர் பண்ற வேலைதான். சொல்றேன், பொறுமையாப் படிங்க தம்பி.

பெயிண்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. புதுப் பெயிண்ட் அடிச்ச பழைய வண்டின்னா எனக்கு முதல்ல சந்தேகம்தான் வரும். கிரீஸ் அடிக்கற வாய், அதான் நிப்பிள், அது மேல பெயிண்ட் மூடியிருந்தா, அடிச்சதுக்கப்புறம் ஒருத்தனும் கிரீஸ் வெக்கலைன்னு அர்த்தம். ஹோஸ் மேலயும் பெயிண்ட் பட்டிருந்தா அவசரத்துல அடிச்சிருக்கான், எதையோ மூடியிருக்கான்.

நீங்க வர்றதைச் சொல்லும்போதே "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்க, நான் வந்து பண்ணிக்கறேன்"னு சொல்லிருங்க. போனதும் எஞ்சின் மேல கையை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா அந்த வண்டி காலையில ஒழுங்கா எந்திரிக்காது, அதான் முன்னாடியே எழுப்பி வெச்சிருக்காங்க. ஸ்டார்ட் ஆனதும் வெள்ளையா கொஞ்சம் புகை வந்து நின்னா பரவாயில்லை. நீலப் புகை விடாம வந்தா ஆயில் குடிக்குது. ஓடும்போதே ஆயில் ஊத்தற மூடியைத் திறங்க. லேசா மூச்சு விடற மாதிரி இருக்கலாம், குபுகுபுன்னு புகை வந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சாச்சு.

எஞ்சின்கூடப் பரவாயில்லை, சரி பண்ணிரலாம். இந்த வண்டியில பணத்தைத் தின்னறது அடிப்பாகமும் ஹைட்ராலிக்கும்.

அடிப்பாகத்துக்கு ட்ராக்கைச் சுத்த வெக்கற பல்சக்கரம், அதான் ஸ்ப்ராக்கெட், அதோட பல்லைப் பாருங்க. நல்ல பல்லு மொட்டையா, அகலமா இருக்கும். தேஞ்சது சுறா மீன் பல்லு மாதிரி ஒரு பக்கமா வளைஞ்சு கூராப் போயிருக்கும். ரப்பர் ட்ராக்ல உள்பக்கம் கையை விட்டுத் தடவுங்க. வெளியில வெடிப்பு இருந்தாக்கூட ஓட்டிரலாம், உள்ள இருக்கற கம்பி வெளிய தெரிஞ்சா மழைத்தண்ணி இறங்கித் துருப்பிடிச்சு ஒருநாள் நடுக்காட்டுல அறுந்துரும். ஒரு ஜோடி ட்ராக் லட்சத்துக்கு மேல. அதை விலையில கழிச்சுத்தான் பேசணும்.

ஓட்டிப் பாருங்க. சமதளத்துல ரெண்டு லீவரையும் முழுசாத் தள்ளி இருபது மீட்டர் விடுங்க. ஒரு பக்கமா இழுத்தா அந்தப் பக்கத்து ட்ராவல் மோட்டாரோ பம்போ சோர்ந்திருக்கு. ட்ராக்கை ஓட்டற கியர் பெட்டி, ஃபைனல் டிரைவ்னு சொல்வாங்க, அதோட ஆயில் போல்ட்டைக் கழட்டி ஒரு சொட்டு விரல்ல எடுத்து வெயில்ல பாருங்க. மினுமினுன்னு இருந்தா உள்ள கியர் அரைபடுது.

அடுத்தது, பூமை, அதான் வண்டியோட பெரிய கையை, கீழ அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துங்க. மண் தள்ளற பிளேடாலயும் பின்னாடி தூக்கிக்கலாம். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போங்க. பத்து நிமிசம் கழிச்சு வாங்க. அப்படியே நின்னா நல்லது. கண்ணுக்குத் தெரியற மாதிரி இறங்கியிருந்தா சிலிண்டர் சீலோ வால்வோ விடுது. சீல்னா சில ஆயிரத்துல முடியும், வால்வுன்னா முடியாது.

ஆட்டம் பார்க்கணும். பக்கெட்டைத் தரையில இருந்து ஒரு சாண் தூக்கி வெச்சு, பல்லைப் பிடிச்சு இடம் வலமா ஆட்டுங்க. மூட்டுல இருக்கற ஒவ்வொரு பின், அது உக்கார்ற புஷ் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் தேய்மானம் சேர்ந்து நுனியில பெருசாத் தெரியும். பின், புஷ் தேஞ்சா லேத்ல சரி பண்ணலாம். ஆனா மேல்பாகம் உக்காந்திருக்கற ஸ்விங் பேரிங்ல ஆட்டம் இருந்தா அந்த வண்டியை அங்கயே விட்டுட்டு வந்துருங்க. பக்கெட்டைத் தரையில அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, அந்த ரிங் இடைவெளியை ஒருத்தர் பக்கத்துல குனிஞ்சு பார்க்கணும். டக், டக்னு சத்தம் வந்தா முடிஞ்சது.

மினியில மட்டும் இன்னொண்ணு. பூம் அடியில இடமும் வலமும் திரும்பறதுக்கு ஒரு கழுத்து இருக்கும். அந்தக் கழுத்துலதான் விரிசல் விடும். வெல்டிங் தழும்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

கடைசியா, ஒரு மணி நேரம் வேலை வாங்குங்க. குளிர்ல எல்லா வண்டியும் நல்லாத்தான் தோண்டும். ஆயில் சூடானதும் பூம் தூக்கற வேகம் குறைஞ்சா பம்ப் தேஞ்சிருக்கு. வியாபாரி "டீசல் இல்லைங்க"ன்னு சொல்வார். கேன்ல பத்து லிட்டர் நீங்களே கொண்டு போங்க.

முக்காலி

தலைப்பில் "மினி ஹிட்டாச்சி" என்று போட்டிருக்கிறீர்கள், ஆனால் பிராண்ட் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். அப்ப அது டாடா ஹிட்டாச்சியா, இல்லையா?

கிரீஸ்கை

ஐயா, எங்க ஊர்ல செயின் போட்டிருந்தா எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஹிட்டாச்சி. டயர் போட்டு முன்னாடி பெரிய தொட்டி, பின்னாடி கை இருந்தா ஜேசிபி. பேப்பர்ல எழுதறவங்க எதுவா இருந்தாலும் பொக்லைன்னு எழுதுவாங்க. போக்லைன்ங்கறது பிரான்ஸ் கம்பெனி, எல் அண்ட் டி அவங்களோட சேர்ந்து இங்க வண்டி செஞ்சாங்க. அந்த வண்டியெல்லாம் எப்பவோ இரும்புக்கடைக்குப் போயாச்சு, பேரு மட்டும் ஓடிட்டிருக்கு.

வன்னிமண்

இலங்கையில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் எல்லாத்துக்கும் ஒரே பேர்தான், பெக்கோ. சின்னனெண்டா சின்னப் பெக்கோ.

இஞ்ச ஓடுற மினியள் கனக்க ஜப்பானில பாவிச்சுப்போட்டு வந்ததுகள். ஸ்டிக்கர் எல்லாம் ஜப்பான் எழுத்து. ஆள் நல்லாப் பராமரிச்சிருப்பான், அதில பிழை இல்லை. பிரச்சினை பிறகுதான். அந்த மாடல் ஜப்பானுக்குள்ள மட்டும் வித்ததெண்டா ஃபில்டர் தொடக்கம் சீல் கிட் வரைக்கும் தேடித் திரிய வேணும். உங்கட ஊரில கம்பெனி வித்த மாடல் எண்டா மட்டும் வாங்குங்கோ. வாங்க முதல் சீரியல் நம்பரைச் சொல்லி, ஒரு ஃபில்டர் விலை கேட்டுப் பாருங்கோ. அவன் "ஆர்டர் பண்ணினா ரெண்டு மாசம்" எண்டால் விளங்கிடும்.

இன்னொண்டு. யாழ்ப்பாணத்தில அடியில முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. கிணறு வெட்ட, அத்திவாரம் வெட்ட எல்லாத்துக்கும் கல்லு உடைக்கிற பிரேக்கர் பூட்டி அடிப்பினம். பிரேக்கர் அடிச்ச மெஷின் வெளியில வடிவா இருந்தாலும் பின், புஷ், பூம் வெல்டிங் எல்லாம் களைச்சுப் போயிருக்கும். ஆர்மில, அதுதான் பக்கெட் பூட்டுற கையில, பிரேக்கருக்கெண்டு தனிப் பைப் லைன் ஓடியிருந்தா, என்ன வேலை செய்தது எண்டு கேளுங்கோ. நான் கேக்காமல் வாங்கினனான். ஆறு மாதத்தில ஆர்ம் ரெண்டு தரம் வெல்ட் பண்ணினது.

தோப்புக்காரன்

வன்னிமண் அண்ணா, ரொம்ப நன்றி. போட்டோவுல ஆர்ம் மேல ரெண்டு பைப் தனியாப் போகுது. இப்பத்தான் கவனிச்சேன்.

பத்திரம்பார்

யாரும் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லையே. மத்திய மோட்டார் வாகன விதிகளில் கட்டுமான இயந்திர வாகனம் என்ற வரையறை ரப்பர் டயர், ரப்பர் பேட், ஸ்டீல் டிரம் சக்கரங்களில் ஓடுபவற்றைத்தான் சொல்கிறது. ஜேசிபிக்கு நம்பர் பிளேட் இருப்பதும் செயின் வண்டிகள் லாரி மேல் ஏறிப் போவதும் இதனால்தான். ஆர்சி புத்தகம் இல்லாத வண்டிக்கு முதல் இன்வாய்ஸ்தான் ஜாதகம். கம்பெனி போட்ட அசல் இன்வாய்ஸ், அதிலிருந்து இன்றைய வியாபாரி வரை ஒவ்வொரு கை மாறியதற்கும் பில் அல்லது விற்பனை ஒப்பந்தம், எல்லாவற்றிலும் ஒரே சீரியல் நம்பர், ஒரே எஞ்சின் நம்பர். வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை கடனில் எடுத்தவை. கடன் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் கம்பெனி தரும் கடிதத்தின் (என்ஓசி) அசல் வேண்டும். "தவணை முடிஞ்சுது, கடிதம் வீட்ல இருக்கு" என்றால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவகமான செர்சாய் (CERSAI) தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் அடமானப் பதிவு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். தவணை கட்டாத வண்டியைத் தேடிக்கொண்டு ஃபைனான்ஸ்காரர் உங்கள் தோப்புக்கு வந்தால், நீங்கள் கொடுத்த பணத்துக்கு அவர் பொறுப்பில்லை.

குன்னூர்க்குளிர்

சொந்த வண்டி, சொந்த நிலம், யார் கேக்கப் போறாங்கன்னு நினைச்சுடாதீங்க. எங்க நீலகிரியில மாவட்ட நிர்வாகம் அனுமதி குடுக்காம ஜேசிபி, ஹிட்டாச்சி எதையும் இறக்க முடியாது. சொந்த எஸ்டேட்ல ரோடு போட்டவங்க வண்டியே பறிமுதல் ஆகியிருக்கு. ஆனைமலையில தோப்பு சமவெளிப் பக்கமா, மலையடிவாரமா? அடிவாரம்னா முதல்ல தாலுகா ஆபீஸ்ல கேட்டுக்குங்க.

பத்திரம்பார்

குன்னூர் நண்பர் சொன்னதோடு ஒன்று. வண்டி வீட்டில் நின்றால் அக்கம்பக்கத்தவர் "குளத்துல கொஞ்சம் வண்டல் எடுத்துக் குடு" என்று வருவார்கள். 2024-இல் இதற்கான அனுமதியைத் தாசில்தாரே தரலாம் என்று எளிமையாக்கினார்கள். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90. விவசாயி விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு பக்கெட் எடுத்தாலும் சிக்குவது வண்டிக்காரர். 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் வண்டியையே பறிமுதல் செய்ய இடமிருக்கிறது.

தோப்புக்காரன்

சமவெளிதாங்க, வாய்க்கால் பாசனம். ஞாயித்துக்கிழமை நாமக்கல் போயிட்டு வந்தாச்சு. நடந்ததை அப்படியே எழுதறேன்.

காலையில எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம், நானும் மச்சானும். கேன்ல டீசல், டார்ச், ஒரு பழைய வேட்டித் துணி. எஞ்சின் மேல கை வெச்சேன். சுடுது. "காலையில கழுவறதுக்காக நகர்த்துனேன்"னார். கழுவுன ஈரம் எங்கயும் இல்லை.

கிரீஸ்கை அண்ணா சொன்ன மாதிரியே பக்கெட் பின்ல இருந்த நிப்பிள் மஞ்சள் பெயிண்ட்ல மூடிக் கெடந்துது. நகத்தால சுரண்டினேன், மூணு அடுக்கு வந்துச்சு. மேல மஞ்சள், நடுவுல வேற ஒரு மஞ்சள், அடியில ஆரஞ்சு. இந்தக் கம்பெனி வண்டிக்கு ஆரஞ்சு கிடையாது. ஆர்ம் மட்டும் வேற எந்த வண்டியில இருந்தோ வந்திருக்கு.

மீட்டர் 3,180 காட்டுது. ஆனா கால் மிதியில ரப்பரே இல்லை, இரும்பு பளபளன்னு நடுவுல குழி விழுந்திருக்கு. லீவர் தலையில எழுத்து அழிஞ்சு வழவழன்னு இருக்கு. சீட் மட்டும் புத்தம் புதுசு, பாலிதீன் கவரோட. மச்சான் மெதுவாச் சொன்னார்: "மாப்பிள்ளை, இந்த மிதியில மிதிச்ச கால் மூவாயிரம் மணி மிதிச்ச கால் இல்லை."

முன்பக்கத்தைத் தூக்கி வெச்சுட்டு டீக்கடைக்குப் போனோம். திரும்பி வந்தப்போ ட்ராக் தரையைத் தொட்டுட்டிருந்துது. தூக்கும்போது அதுக்கடியில என் செருப்பை வெச்சுட்டுப் போயிருந்தேன். செருப்பை உருவ முடியல.

கழுத்துல டார்ச் அடிச்சேன். பெயிண்ட்டுக்கு அடியில மண்புழு மாதிரி ஒரு வெல்டிங். அதுக்கு மேல பார்க்கவே இல்லை. என்ஓசி கேட்டதுக்கு "முதல்ல அட்வான்ஸ் போடுங்க, வந்துரும்"னார். கும்பிட்டுட்டு வந்துட்டோம். டீசல் கேனைத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன்.

லீவர்மணி

செருப்பு 😂 பதினோரு வருசத்துல இப்படி ஒரு டெஸ்ட் பார்த்ததில்லைண்ணா.

கிரீஸ்கை

நல்ல வேளை. அந்த வண்டியை வேற ஒருத்தர் வாங்குவார், அதுதான் வருத்தம். வியாபாரி யார்டுல தேடறதைவிட, வேலை முடிச்ச காண்ட்ராக்டர்கிட்ட நேரா வாங்கப் பாருங்க. அவன் வண்டி அழுக்கா, கீறலா இருக்கும். அந்த அழுக்குலதான் உண்மை தெரியும். எண்ணெய் எங்க கசியுதோ அங்க தூசி ஒட்டிப் படிஞ்சிருக்கும்.

முக்காலி

நான் இன்னும் கணக்குப்பிள்ளை கட்சிதான். மூன்று பேர் பணம் போட்டால் நான்கரை லட்சம் ஆளுக்கு முடங்கிக் கிடக்கும். அதற்கு வாடகை வண்டிக்காரர் ஒருவருக்கு முன்பணம் கொடுத்து ஒரு மாதம் மொத்தமாகப் பிடித்திருக்கலாமே?

தோப்புக்காரன்

முக்காலி சார், கேட்டோம். மாசம் 1,60,000, டீசல் நம்மளோடது. அவரும் "மழை வந்தா நாளைக் கழிக்க மாட்டேன்"னார். மூணு தோப்புக்கும் ஒரே மாசத்துல முடிக்க முடியாது, காய் வெட்டு நடக்கும்போது வண்டி உள்ள போகவும் முடியாது. நியாயமான யோசனைதான், எங்களுக்கு ஒத்து வரல.

தோப்புக்காரன் (ஏழு வாரம் கழித்து)

இழையைத் தேடி எடுத்து எழுதறேன். வாங்கியாச்சுங்க.

கோயமுத்தூர்ல கேபிள் புதைக்கற வேலை எடுத்த ஒரு காண்ட்ராக்டர். வேலை முடிஞ்சு வண்டியை விக்கறார்னு தெரிஞ்சவங்க மூலமாக் கேள்விப்பட்டோம். 2019 வண்டி, 3 டன், வால் நீட்டாத மாடல், 2,640 மணி. பிரேக்கர் பூட்டினதே இல்லை, அவர் வேலை முழுக்க மண்ணுல வாய்க்கால்தான். அழுக்குன்னா அப்படி ஒரு அழுக்கு. சீட்ல பெரிய கிழிசல், அதுல ஒரு சாக்கு. மீட்டரும் மிதியும் சீட்டும் ஒரே வயசு சொல்லுச்சு. கிரீஸ் மட்டும் எல்லா நிப்பிள்லயும் புதுசா வழிஞ்சுட்டு இருந்துது. ஆப்பரேட்டர் ஒருத்தரே அஞ்சு வருசமா ஓட்டியிருக்கார். அவர்தான் பக்கத்துல நின்னு எதெல்லாம் குறைன்னு முதலாளிக்கு முன்னாடியே சொன்னார்: இடது ட்ராக்ல கம்பி தெரியுது, பக்கெட் சிலிண்டர் லேசாக் கசியுது, ரெண்டு ஹோஸ் மாத்தணும்.

12.75 கேட்டார், ட்ராக்கைக் காட்டி 11.6-ல முடிஞ்சுது. அசல் இன்வாய்ஸ், என்ஓசி ரெண்டும் கையில வாங்கிட்டுத்தான் பணம் போட்டோம். ட்ராக் ஜோடி 1,18,000, ஆயில் ஃபில்டர் எல்லாம் 21,000, சீல் கிட் வேலையோட 6,500. ஹோஸ் ரெண்டும் அவரே மாத்திக் குடுத்துட்டார். நோட்டுல எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு, கணக்குப்பிள்ளை சார்.

இப்ப 61 மணி ஓடியிருக்கு. கட்டை 25 நிமிசம்னு போட்டோமே, எனக்கு முதல்ல 50 ஆச்சு. சுத்தி மண்ணை எடுக்காம நேரா இழுத்துட்டிருந்தேன். வண்டிதான் எந்திரிச்சு நின்னுச்சு, கட்டை அசையல. லீவர்மணி தம்பிகிட்டப் போன்ல கேட்டு, இப்ப மூணு பக்கம் வேரை அறுத்துட்டு நாலாவது பக்கத்துல இருந்து சாய்க்கறேன். 25-க்கு வந்துட்டேன். சொட்டுநீர்க் குழாய் ஒண்ணுகூட உடையல. குழியில வாடல் நோயைத் தாங்கற கல்பரக்ஷா ரகக் கன்னு வெக்கறதா முடிவு, சொல்லி வெச்சிருக்கு.

போன வாரம் ட்ராக் கழண்டுருச்சு. வரப்புச் சரிவுல நின்னுட்டே வெடுக்குன்னு திருப்பிட்டேன், கட்டைத் துண்டு ஒண்ணு ஐட்லருக்கும் (ட்ராக்கோட முன்சக்கரம்) ட்ராக்குக்கும் நடுவுல மாட்டியிருக்கு. முழு ட்ராக்கும் பாம்புச் சட்டை மாதிரி பக்கத்துல கெடக்குது. பூமைப் பக்கவாட்டுல திருப்பி அழுத்தி அந்தப் பக்கத்தைத் தூக்கினேன், அடியில தென்னங்கட்டை ரெண்டு முட்டுக் குடுத்தேன். ட்ராக்கை இறுக்கி வெச்சிருக்கற கிரீஸ் வால்வை மெதுவா, ஒரு பக்கமா ஒதுங்கி நின்னு திறந்தேன். நேரா நின்னு திறக்காதேன்னு தம்பி மூணு தடவை சொன்னார். பீச்சின கிரீஸ் ஆறடி தள்ளி மரத்துல அப்பிருச்சு, ஏன் சொன்னார்னு அப்பப் புரிஞ்சுது. ஐட்லர் உள்ள போனதும் ட்ராக்கை முதல்ல ஸ்ப்ராக்கெட் பல்லுல மாட்டி, முன்பக்கம் கடப்பாரை போட்டு ரெண்டு பேர் நெம்பி ஏத்தினோம். ஐட்லருக்கிட்ட யாரும் விரலை வெக்கல. அப்புறம் ட்ராக்கைத் திரும்ப இறுக்க கிரீஸ் கன்ல 40 குத்து. ரெண்டு மணி நேரம் ஆச்சு.

இப்ப ஒரு சந்தேகம். பூமை இடது பக்கம் திருப்பினா கழுத்துல லேசா ஒரு கிர்ர் சத்தம். விரிசல் இல்லை, துணி போட்டுத் துடைச்சுப் பார்த்துட்டேன். கிரீஸ் வெச்சா அரைநாள் அடங்குது.

கிரீஸ்கை

கீழ்ப் புஷ் தேய ஆரம்பிச்சிருக்கு, பயப்பட ஒண்ணுமில்லை. பூமைத் தரையில லேசா ஊன்றி, பின்ல பாரம் இல்லாம வெச்சு கிரீஸ் அடிங்க. பாரம் இருந்தா கிரீஸ் அடிப்பக்கம் போகாது, மேலயே வழிஞ்சுரும். காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. நூறு மணி வரைக்கும் அப்படியே ஓட்டுங்க. சத்தம் கூடுச்சுன்னா பின்னை உருவி, வெளி விட்டம் உள் விட்டம் ரெண்டும் வெர்னியர்ல அளந்து போடுங்க. எந்த லேத்துக்குப் போகலாம்னு சொல்றேன்.